பக்கத்து டொமைனின் உறுதி நாரிழையைத் தடுக்குமா? கண்–தொண்டைத் தசைச் சிதைவு நோயின் புரதத்தைப் பற்றி ஒரு கேள்வி

வினா – உயிர்வேதி மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலைக் கருத்தரங்கு ஒன்றுக்காகக் கண்–தொண்டைத் தசைச் சிதைவு நோயைப் பற்றிப் படித்து வருகிறேன். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கண் இமைகள் தொங்கத் தொடங்கி, உணவை விழுங்குவது கடினமாகி, பலருக்கு நாளடைவில் தோள், இடுப்புத் தசைகளும் வலுவிழக்கும் பரம்பரை நோய் இது. பி.ஏ.பி.பி.என்.1 என்னும் புரதத்தின் தொடக்கத்தில் அலனைன் என்னும் அமினோ அமிலம் சில கூடிவிடுவதே இதற்குக் காரணம் என்று 1998இல் கண்டறியப்பட்டது. இயல்பான புரதத்தில் முதல் மெத்தியோனைனை அடுத்து 10 அலனைன்கள் வரிசையாக நிற்கின்றன; நோயாளிகளிடம் அந்த வரிசை 11 முதல் 18 வரை நீள்கிறது. ஹன்டிங்டன் நோயில் குளுட்டமைன் வரிசை 40, 50 என்று வளர்வதோடு ஒப்பிட்டால், இங்கே இரண்டு மூன்று அலனைன்களே ஒரு வாழ்க்கையின் பிற்பகுதியை மாற்றிவிடுகின்றன என்பது என்னை வெகுவாகப் பாதித்தது.

என் கேள்வி நோயின் காரணத்தைப் பற்றியது அன்று. அந்த அலனைன் வரிசை தொடங்கிவைக்கும் நாரிழையை, அதாவது புரதச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவாகும் இழையைப் பற்றியது. ஜெர்மனியின் ஹாலே, பைராய்த் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இலும் 2010இலும் வெளியிட்ட சோதனைகளைப் படித்தேன். அலனைன் கூடிய தொடக்கப் பகுதியோடு, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பாக்டீரியப் புரதத்தை ஒட்டவைத்தார்கள். அது பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியத்தின் குளிர் அதிர்வுப் புரதம். 67 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய உருண்டை. அதை அலனைன் வரிசையிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்தபோது நாரிழை உருவானது, உருண்டையும் அந்த நாரிழைக்குள் மடிந்தபடியே இருந்தது. அலனைனுக்கு நேரடியாக அடுத்து வைத்தபோதும் நாரிழை உருவானது. ஆனால் உருண்டை அவிழ்ந்துபோனது. இடையில் 3 அல்லது 16 அமினோ அமிலங்களைச் செருகியும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்து, அதே உருண்டையின் உறுதியூட்டப்பட்ட திரிபு ஒன்றை வைத்தார்கள். மோலுக்கு 12.4 கிலோஜூலாக இருந்த நிலைத்தன்மை (மடிப்பை அவிழ்க்கத் தேவைப்படும் ஆற்றல்) அதில் 26.9 ஆக உயர்ந்திருந்தது. அந்த வடிவங்கள் எதிலும் நாரிழை உருவாகவே இல்லை.

இதில் எனக்கு விளங்காதது இதுதான். நாரிழையைத் தொடங்குவது அலனைன் வரிசை. அது எல்லா வடிவங்களிலும் ஒன்றே. அப்படியிருக்க, பக்கத்தில் நிற்கும் புரதம் உறுதியாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பது அலனைனை எப்படிக் கட்டுப்படுத்தும்? இந்த முடிவை நோயாளியின் தசைக்கு எடுத்துச் செல்லலாமா? பி.ஏ.பி.பி.என்.1இன் சொந்த டொமைன்களை (புரதத்துக்குள் தனித்து மடியும் பகுதிகளை) உறுதிப்படுத்தும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் நாரிழை நின்றுவிடும் என்று கருத்தரங்கில் சொல்ல நினைத்திருந்தேன். எழுதிய பிறகு தயக்கமாக இருக்கிறது. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – புரத மடிப்பு

மாணவிக்கு வணக்கம். தயக்கம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. முதலில் அந்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விடையின் பாதி அவற்றுக்குள் இருக்கிறது.

நிலைத்தன்மை மோலுக்கு 12.4 கிலோஜூல் என்றால், 25 பாகை வெப்பத்தில் எந்தக் கணத்திலும் ஏறத்தாழ 150 மூலக்கூறுகளுக்கு ஒன்று அவிழ்ந்த நிலையில் இருக்கிறது என்று பொருள். 26.9 என்றால் அது ஏறத்தாழ 50,000க்கு ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. 5.7 கிலோஜூல் கூடும்போதெல்லாம் அவிழ்ந்தவற்றின் பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கும் என்ற கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆக, உங்கள் ஆய்வாளர்கள் மாற்றியது சிறிய அளவு அன்று. நாரிழைக்குள் இழுக்கப்படத் தயாராக இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அவர்கள் ஏறத்தாழ 350 மடங்கு குறைத்துவிட்டார்கள். நாரிழை தொடங்குவதற்கு அவிழ்ந்த பல மூலக்கூறுகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்தச் சந்திப்பின் வாய்ப்பு இன்னும் பல மடங்கு குறைகிறது.

இங்கே ஒரு ஐயம் எழும், எழவும் வேண்டும். உருண்டை அவிழாமலே இருக்கட்டும். அலனைன் வரிசைகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நாரிழை ஆகலாமே? தொலைவில் வைத்தபோது அப்படித்தானே நடந்தது? இதற்கு விடை இட நெருக்கடியில் இருக்கிறது. அமிலாய்டு எனப்படும் இவ்வகை நாரிழையில் புரதச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக 0.48 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்படுகின்றன. அந்தக் குளிர் அதிர்வுப் புரதமோ மடிந்த நிலையில் ஏறத்தாழ 2.5 நானோமீட்டர் விட்டம் உடையது. நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பூவின் காம்போடும் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒட்டிக் கட்டிவிட்டுப் பூக்களை முன்போலவே நெருக்கித் தொடுக்கச் சொன்னால் முடியாது. பழங்கள் ஒன்றையொன்று இடித்துப் பூக்களை விலக்கிவிடும். ஒவ்வொரு பழத்தையும் நீண்ட நூலில் தொங்கவிட்டால் அவை சரத்தைச் சுற்றி நாலாபுறமும் விலகிக்கொள்ளும், பூக்கள் நெருங்கிவிடும். தொலைவில் வைத்த வடிவத்தில் உருண்டை மடிந்தபடியே நாரிழையோடு இருந்தது இதனால்தான். அந்த நாரிழையில் இருந்த குளிர் அதிர்வுப் புரதம் தன் இயல்பான வேலையையும் செய்யும் நிலையில் இருந்தது என்பது 2008ஆம் ஆண்டுக் கட்டுரையின் அழகான பகுதி. நாரிழை என்றாலே உள்ளே இருப்பதெல்லாம் குலைந்துபோனது என்று நாம் எண்ணிக்கொள்வது தவறு என்று அது காட்டியது.

நூல் குட்டையாக இருக்கும்போது இரண்டே வழிகள்தாம் மிஞ்சுகின்றன. உருண்டை தன் மடிப்பை அவிழ்த்துக்கொண்டு தானும் சரத்தின் பகுதியாகிவிட வேண்டும். அல்லது சரம் கட்டப்படாமலே போக வேண்டும். எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அவிழ்வதற்குக் கொடுக்க வேண்டிய விலை. 12.4 கிலோஜூலை நாரிழை சேர்வதால் கிடைக்கும் ஆதாயம் ஈடுகட்டிவிட்டது. 26.9ஐ அது ஈடுகட்டவில்லை, அல்லது சோதனை நீடித்த காலத்துக்குள் ஈடுகட்டும் வழி திறக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் குளிர் அதிர்வுப் புரதம் மடிந்தால் முழுதாக மடியும், அவிழ்ந்தால் முழுதாக அவிழும். நடுவில் நிலைத்து நிற்கும் பாதி மடிப்பு என்று ஒன்று அதற்குக் கிடையாது. அதன் முதல் இழை அலனைனுக்கு மிக அருகில் இருக்கிறது. நாரிழை அந்த ஓர் இழையை மட்டும் தன் பக்கம் இழுத்தாலும் ஐந்து இழைகளாலான முழு உருண்டையும் குலைந்தாக வேண்டும். எனவே நாரிழை ஓர் இழையைப் பெறுவதற்கு முழு வீட்டின் விலையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாதி பாதியாக அவிழும் புரதம் ஒன்றை அந்த இடத்தில் வைத்திருந்தால் மொத்த நிலைத்தன்மையை வைத்து இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க முடியாது. ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் அறிவுக்கூர்மையைக் கருத்தரங்கில் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

மறுமொழி 2 – ஆய்வகக் குறிப்பு

மேலே எழுதியவர் ஆற்றலின் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். நான் பல ஆண்டுகள் நாரிழைகளை வளர்த்துப் பார்த்தவன் என்பதால், இத்தகைய முடிவு எப்படிப் பெறப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அது தெரியாமல் எண்களை நம்புவது கடினம்.

ஒரு புரதம் அவிழ்வதையும் மீண்டும் மடிவதையும் யூரியா சேர்த்தும் நீக்கியும் முன்னும் பின்னுமாக அளக்கலாம், அதிலிருந்துதான் 12.4 போன்ற எண் கிடைக்கிறது. நாரிழையிடம் அது நடக்காது. உருவான பிறகு அது திரும்புவதில்லை. ஒருவழிப் பாதையில் போன ஒன்றுக்குச் சமநிலைக் கணக்கு எழுத முடியாது. அலனைன் நாரிழைகளோ வழக்கமான புரதங்களை நொடியில் குலைக்கும் வேதிப்பொருள்களையும் தாங்கி நிற்கக்கூடியவை. திரும்பக்கூடிய ஒரு புரதத்தைத் திரும்பாத ஒன்றோடு கட்டிவைத்து, முன்னதின் அளவுகோலால் பின்னதை அளந்ததுதான் இந்த ஆய்வின் உத்தி. எனக்கு இந்த வழிமுறை அதன் முடிவைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

உருண்டை அவிழ்ந்தது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். புரதத்தை வெட்டும் நொதிகளை நாரிழைக் கரைசலில் சேர்த்தால், வெளியே தொங்கும் பகுதிகள் எல்லாம் துண்டுபட்டுக் கரைந்துவிடும். நாரிழையின் உள்ளகத்தில் இறுக்கமாக அடுக்கப்பட்ட பகுதியை நொதி தொட முடியாது. மிஞ்சியதைச் சுழற்றிப் படியவைத்து, கழுவி, கரைத்து, அதன் நிறையை நிறமாலைமானியில் அளந்தால் எந்த அமினோ அமிலம் முதல் எந்த அமினோ அமிலம் வரை காக்கப்பட்டது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நேரடியாக ஒட்டிய வடிவத்தில் காக்கப்பட்ட துண்டு அலனைனோடு நிற்கவில்லை. குளிர் அதிர்வுப் புரதத்தின் தொடக்கப் பகுதிக்குள்ளும் நீண்டிருந்தது. நோய்க்குக் காரணம் அலனைன் என்று நாம் சொன்னாலும், நாரிழையின் உள்ளகம் அலனைனின் எல்லைக் கல்லை மதிப்பதில்லை. மாணவியின் முதல் கேள்விக்கு என் நேரடி விடை இதுதான்: அலனைன் எல்லா வடிவங்களிலும் ஒன்றாக இருக்கலாம், நாரிழையின் உள்ளகம் ஒன்றாக இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாரிழை உருவாகவில்லை என்பது எப்போதும், காத்திருந்த நாள்கள் வரை உருவாகவில்லை என்றே பொருள்படும். நாரிழை வளர்ச்சியில் நீண்ட மௌன காலம் ஒன்று இருக்கிறது. கரைசல் தண்ணீர் போலத் தெளிவாக நிற்கும். ஒளிர்வு அளவில் கோடு தரையோடு தரையாக ஓடும். பிறகு ஒரு நாள் சட்டென ஏறும். புரதச் செறிவு, குலுக்கும் வேகம், உப்பு, ஏன், குழாயின் சுவர்கூட அந்த மௌன காலத்தை மாற்றும். நான் ஒருமுறை மூன்று வாரம் தெளிவாக இருந்த குழாயைப் பயனற்றது என்று குளிர்பெட்டியின் மூலையில் ஒதுக்கிவிட்டேன். பல வாரங்களுக்குப் பின் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே முட்டையின் வெள்ளைக்கருவைச் சுடுநீரில் விட்டது போல மெல்லிய மேகம் மிதந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அது வெறும் படிவம் அன்று. நேராக, கிளைக்காமல், ஒரே அகலத்தில் ஓடும் இழைகள். ஆகவே தடுத்தது என்ற சொல்லைப் படிக்கும்போது எத்தனை நாள், எந்தச் செறிவில் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

வினா எழுப்பியவர் – உயிர்வேதி மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மல்லிகைச் சர உவமை என் குழப்பத்தின் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. இப்போது இரண்டாவது கேள்வி கூர்மையாகிறது. பி.ஏ.பி.பி.என்.1 வெறும் அலனைன் வரிசை அன்று. அதற்குள் சுருள்சுருள் பகுதி (சுருள்கள் ஒன்றையொன்று முறுக்கி நிற்கும் பகுதி) ஒன்றும், ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் டொமைன் ஒன்றும் இருக்கின்றன. அவை தம் சொந்த உறுதியால் ஏன் நோயாளியின் தசையில் நாரிழையைத் தடுக்கவில்லை? அவற்றின் உறுதி போதவில்லையா?

மறுமொழி 1 – புரத மடிப்பு

உறுதி போதவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அவை மிகத் தொலைவில் இருக்கின்றன. இந்தப் புரதத்தின் நீளம் 306 அமினோ அமிலங்கள். அலனைன் வரிசை 2ஆம் இடத்தில் தொடங்கி 11இல் முடிகிறது. சுருள்சுருள் பகுதி ஏறத்தாழ 120ஆம் இடத்தில்தான் வருகிறது, ஆர்.என்.ஏ. பிடிக்கும் டொமைன் 170ஐத் தாண்டியே தொடங்குகிறது. இடையில் கிளைசினும் புரோலினும் குளுட்டாமிக் அமிலமும் நிறைந்த, நிலையான மடிப்பு ஏதும் இல்லாத நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடக்கின்றன. என் உவமையில் அது மிக நீண்ட நூல். எலுமிச்சம்பழங்கள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சரத்தைத் தொந்தரவு செய்யாமல் விலகி நிற்க இடம் தாராளமாக இருக்கிறது. எனவே ஹாலே சோதனையின் எந்த வடிவத்தோடு இயற்கைப் புரதத்தை ஒப்பிட வேண்டும் என்றால், தொலைவில் வைத்த 2008ஆம் ஆண்டு வடிவத்தோடுதான். நேரடியாக ஒட்டிய வடிவத்தோடு அன்று.

சொந்த டொமைன்களை உறுதிப்படுத்தும் மருந்து நாரிழையை நிறுத்தும் என்று கருத்தரங்கில் சொல்லப் போவதாக எழுதியிருந்தீர்கள். என் கருத்தில் அந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது. அந்தச் சோதனை ஒரு கொள்கையை நிறுவியது: அமிலாய்டாகும் துண்டுக்கு அருகில் மடிந்து நிற்கும் டொமைன், தன் உறுதியால் நாரிழையைக் கட்டுப்படுத்த முடியும். இந்த வாக்கியத்தில் உறுதி என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டோ அவ்வளவு எடை அருகில் என்ற சொல்லுக்கும் உண்டு.

மறுமொழி 3 – தசைநோய் மருத்துவர்

இந்த நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இது உலகெங்கும் அரிய நோய். ஆனால் கனடாவின் கியூபெக்கில் வாழும் பிரெஞ்சு வம்சாவளியினரிடம் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவருக்கும், இஸ்ரேலில் வாழும் புகாரா யூதர்களிடம் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவருக்கும் காணப்படுகிறது. பிரெஞ்சு கனடியக் குடும்பம் ஒன்றில் இதை 1915லேயே மருத்துவ உலகம் விவரித்துவிட்டது.

நாரிழை என்று நீங்கள் குழாயில் பேசுவதைத் தசைத் திசுவில் முதலில் கண்டவர்கள் பிரான்சின் தோமேயும் ஃபார்டோவும், ஆண்டு 1980. தசை நாரின் சைட்டோபிளாசத்தில் அன்று, உட்கருவுக்குள் அவை இருந்தன. வெளி விட்டம் 8.5 நானோமீட்டர், உள் விட்டம் 3 நானோமீட்டர் கொண்ட குழல்போன்ற இழைகள், நீளம் 0.25 மைக்ரோமீட்டர் வரை, சில இடங்களில் கற்றையாகவும் சில இடங்களில் பின்னலாகவும் கிடந்தன. உட்கருவில் அந்த இடம் மட்டும் குரோமட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த பொருள்) விலகி வெளிறித் தெரியும். புரதம் எதுவென்று தெரிவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே நோயின் கையெழுத்து நுண்ணோக்கியில் பதிவாகியிருந்தது.

ஆனால் ஒரு நோயாளியின் தசைத் துணுக்கில் இத்தகைய உட்கருக்கள் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 வரையே கிடைக்கின்றன. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, தசை வலுவிழப்பு முழுவதையும் கண்ணுக்குத் தெரியும் நாரிழைகளே செய்கின்றன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாரிழை ஆகும் முன் கரைந்த நிலையில் இருக்கும் சிறு திரள்கள் நஞ்சாக இருக்கலாம். திரள்கள் மற்ற புரதங்களையும் ஆர்.என்.ஏ.வையும் சிறைப்படுத்திக்கொள்ளலாம், வேலை செய்ய வேண்டிய பி.ஏ.பி.பி.என்.1 குறைந்துபோவதால் செய்தி ஆர்.என்.ஏ.க்களின் அடினைன் வால் சரியாக நீளாமல் போகலாம். இந்தப் புரதத்தின் அளவு மற்ற திசுக்களைவிடத் தசையில் இயல்பாகவே குறைவு என்பது இந்த மூன்றாவது வழிக்கு வலுச் சேர்க்கிறது. ஆகவே நாரிழையைத் தடுப்பதும் நோயைத் தடுப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008இல் ஹாலேயிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வில், மருந்தாகக்கூடும் என்று கருதப்பட்ட சேர்மங்களே குழாயில் நாரிழை உருவாவதை வேகப்படுத்தின என்பதையும் நினைவில் வையுங்கள்.

அலனைனின் பங்கை ஐயப்படத் தேவையில்லை. ஒரு குடும்பத்தில் அலனைன் வரிசை நீளவே இல்லை. ஆனால் பத்து அலனைனுக்கு அடுத்த 12ஆம் இடத்துக் கிளைசின் அலனைனாக மாறியிருந்தது. அதற்கு அப்பால் ஏற்கெனவே இரண்டு அலனைன்கள் இருந்ததால், அந்த ஒற்றை மாற்றம் இடைவெளியை அடைத்துப் பதின்மூன்று அலனைன்களை ஒரே வரிசையாக்கிவிட்டது. நோய் அப்படியே வந்தது.

இன்றைக்கு நாங்கள் செய்வது தொங்கும் இமையை அறுவையால் உயர்த்துவதும், தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே திறக்க மறுக்கும் தசை வளையத்தை வெட்டித் தளர்த்துவதும்தான். சோற்றைப் பிசைந்து கூழாக்கி, ஒவ்வொரு கவளத்துக்கும் கழுத்தைக் குனிந்து, நிறுத்தி நிறுத்தி விழுங்கும் ஒருவரோடு உணவு மேசையில் உட்கார்ந்தால்தான் அந்த வளையம் என்னவென்று முழுதாகப் புரியும். மரபணு வழியில், கெட்ட பி.ஏ.பி.பி.என்.1ஐ அமைதிப்படுத்திவிட்டு நல்ல படி ஒன்றை வைரஸ் வாயிலாகக் கொடுக்கும் முறை 2017இல் எலிகளில் திரள்களைக் குறைத்துத் தசை வலிமையையும் மீட்டது. என் நம்பிக்கை இப்போது அந்தத் திசையில் இருக்கிறது, ஏனென்றால் அது திரளின் நஞ்சு, புரதத்தின் இழப்பு ஆகிய இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்கிறது.

மறுமொழி 4 – இதயத்தசை

மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்கிறேன். மடிப்பை உறுதிப்படுத்தி நாரிழையைத் தடுப்பது என்ற எண்ணம் இந்த நோய்க்கு எட்டாக்கனியாக இருக்கலாம். இன்னொரு தசைக்கு அது ஏற்கெனவே மாத்திரையாகக் கையில் கிடைத்துவிட்டது. இதயத்தசையில் படியும் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டைச் சொல்கிறேன்.

டிரான்ஸ்தைரெட்டின் 127 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்த புரதம். தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் இரத்தத்தில் சுமந்து செல்கிறது. நான்கும் பிரிந்து, பிரிந்த ஒற்றைச் சங்கிலி ஓரளவு அவிழ்ந்தால்தான் நாரிழைக்கு வழி திறக்கும். 122ஆம் இடத்து வாலின் ஐசோலூசினாக மாறும் திரிபில் இந்தப் பிரிவு எளிதாகிவிடுகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் இந்தத் திரிபைச் சுமக்கிறார்கள். மறுபுறம், போர்ச்சுகலில் நரம்பு அமிலாய்டு வரும் குடும்பங்களில், நோய்த் திரிபோடு 119ஆம் இடத்தில் திரியோனைன் மெத்தியோனைனாக மாறிய இன்னொரு திரிபையும் பெற்றவர்கள் நோயின்றியோ மிக லேசான நோயோடோ இருந்தார்கள். அந்த இரண்டாவது திரிபு நான்கு சங்கிலிகளும் பிரிவதை மிக மெதுவாக்குகிறது. உறுதி நோயைத் தடுக்கும் என்பதை இயற்கையே மனித உடலில் செய்து காட்டிய சோதனை அது.

அதைப் பின்பற்றியே டஃபாமிடிஸ் உருவானது. ஹார்மோன் அமரும் குழியில் அந்த மருந்து அமர்ந்து நான்கு சங்கிலிகளையும் பிணைத்து வைக்கிறது. 2018இல் வெளியான சோதனையில் 441 நோயாளிகள் 30 மாதங்கள் கவனிக்கப்பட்டார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 29.5 பேரும், பெறாதவர்களில் 42.9 பேரும் இறந்தார்கள். ஏற்கெனவே படிந்த நாரிழையை மருந்து கரைக்கவில்லை. புதிதாகச் சேர்வதை மட்டுமே குறைத்தது. அதுவே இவ்வளவு உயிர்களைக் காத்தது.

இரண்டு நோய்களுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்தைரெட்டினில் நாரிழை ஆகும் பகுதியே மடிந்த டொமைனுக்குள் இருக்கிறது. எனவே டொமைனைப் பூட்டினால் நாரிழையும் பூட்டப்படுகிறது. பி.ஏ.பி.பி.என்.1இல் நாரிழை ஆகும் பகுதி மடிப்பே இல்லாத வாலில், எல்லா வீடுகளுக்கும் வெளியே நிற்கிறது. பூட்டுவதற்கு அங்கே கதவு இல்லை. ஃபிலமின்-சி என்னும் தசைப் புரதம் இவ்விரண்டுக்கும் வேறான ஒரு நிலை. அதன் கடைசி 16 அமினோ அமிலங்களை இழக்கும் திரிபு 2005இல் விவரிக்கப்பட்டது. இரட்டையாக இணைய வேண்டிய கடைசி டொமைன் உறுதி குறைந்து, இணைய முடியாமல், தசையில் திரள்களாகச் சேர்கிறது. அவை அலனைன் நாரிழை போன்ற ஒழுங்கான இழைகள் அல்ல என்பதால் கருத்தரங்கில் மூன்றையும் ஒரே பட்டியலில் அடுக்காதீர்கள்.

வினா எழுப்பியவர் – உயிர்வேதி மாணவி

மருந்து பற்றிய வரியை நீக்கிவிட்டேன். அதன் இடத்தில், நாரிழை ஆகும் துண்டு டொமைனுக்குள் இருக்கிறதா, ஒட்டி இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று மூன்று நிலைகளாகப் பிரித்து டிரான்ஸ்தைரெட்டினையும், ஹாலேயின் ஒட்டுப் புரதத்தையும், இயற்கையான பி.ஏ.பி.பி.என்.1ஐயும் வைக்கப் போகிறேன். ஒரே ஒரு சிறு கேள்வி மீதமிருக்கிறது. தளர்ந்த குளிர் அதிர்வுப் புரதத்தையே, மரபணுவில் மாற்றாமல், அது பிடிக்கும் ஒற்றை இழை டி.என்.ஏ. துண்டைக் கரைசலில் சேர்த்து உறுதிப்படுத்தினால் நாரிழை நிற்குமா?

மறுமொழி 2 – ஆய்வகக் குறிப்பு

நிற்க வேண்டும் என்றே கொள்கை சொல்கிறது. பிடிபொருள் மடிந்த வடிவத்தில் மட்டும் அமர்வதால், அது அமரும் அளவுக்கு அவிழ்ந்த மூலக்கூறுகள் குறையும். செறிவைக் கூட்டக் கூட்ட நிலைத்தன்மையைப் படிப்படியாக உயர்த்தலாம். 12.4க்கும் 26.9க்கும் இடையில் எந்த எண்ணில் நாரிழை கைவிடுகிறது என்பதை அப்படித்தான் தேட வேண்டும். இரண்டு புள்ளிகளை வைத்து அந்த எல்லை எங்கே என்று சொல்ல முடியாது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உடையது, உப்பைப் போல அதுவும் தன்னளவில் நாரிழையின் வேகத்தை மாற்றக்கூடும். ஆகவே, அதே டி.என்.ஏ.வைக் குளிர் அதிர்வுப் புரதம் ஒட்டாத வெறும் அலனைன் பகுதியோடும் ஒரு குழாயில் சேர்த்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில் ஓட்டுங்கள். அந்த இரண்டாவது குழாய் இல்லாமல் முதல் குழாயின் விடையை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.